டார்ட்டாய்ஸ் மோட்டார் திரும்பும்போது எல்லா ரயிலும் நின்றுவிடுகிறது: அடாப்டர் போதவில்லையா?

ஈரோடு_எச்ஓ

வணக்கம். எட்டுக்கு நான்கு அடி பிளைவுட்டில் எச்ஓ அளவு மாடல் ரயில் லேஅவுட், டிசிசியில் (தண்டவாளம் வழியாகவே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) ஓடுகிறது. பீக்கோ கோட் 75 எலெக்ட்ரோஃப்ராக் பாயிண்ட் (ரயிலைத் தடம் மாற்றும் தண்டவாளம்) ஆறு. ஒவ்வொன்றுக்கும் பலகைக்கு அடியில், பாயிண்டைத் திருப்ப ஒரு சர்க்யூட்ரான் டார்ட்டாய்ஸ் மோட்டார். மோட்டார்களுக்குத் தனியாக 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர். டிபிடிடி சுவிட்சில் (மின்சாரத்தின் திசையை மாற்ற) குறுக்கே ஒயர் போட்டு 1-ம் 8-ம் பின்னுக்குக் கொடுத்திருக்கிறேன். ஃப்ராக் (இரண்டு தடமும் குறுக்கிடும் முனை) ஒயர் 4-ல். இரண்டு பக்கத் தண்டவாளமும் 2, 3-ல். ஃப்ராக்குக்கு அப்பால் இரண்டு உள் தண்டவாளத்திலும் பிளாஸ்டிக் ஜாயினர் போட்டாயிற்று.

சுவிட்சைத் தட்டினால் பாயிண்ட் மெதுவாக நகர ஆரம்பிக்கிறது. பாதி வழியில், தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் டிசிசி பூஸ்டர் டிரிப் ஆகி எல்லா ரயிலும் நின்றுவிடுகிறது. பாயிண்ட் போய்ச் சேர்ந்ததும் தானாகவே மறுபடி ஓடுகின்றன. பழைய டிசி கன்ட்ரோலரில் இந்தத் தொந்தரவு தெரியவே இல்லை. கடையில் கேட்டால் பெரிய அடாப்டராக வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

இன்னொன்று, பாயிண்ட் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பேனலில் காட்ட சிவப்பு, பச்சை எல்இடி வைக்க வேண்டும். எங்கிருந்து எடுப்பது?

சிக்னல்_மெயின்டைனர்

அடாப்டர் வாங்காதீர்கள் தம்பி. டார்ட்டாய்ஸ் போய் முட்டி நிற்கும்போதுகூட சுமார் 16 மில்லி ஆம்பியர்தான் எடுக்கும். ஆறும் சேர்ந்து 96. உங்கள் 1 ஆம்பியரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தவிர, டிரிப் ஆவது பூஸ்டர். அது தண்டவாளத்துக்கு மட்டும்தான் மின்சாரம் கொடுக்கிறது. அப்படியானால் ஷார்ட் தண்டவாளத்தில்தான் இருக்கிறது, மோட்டார் ஒயரில் இல்லை.

நடப்பது என்ன என்று சொல்கிறேன். எலெக்ட்ரோஃப்ராக்கில் இரண்டு பிளேடும் (பாயிண்டில் நகரும் தண்டவாளங்கள்) ஃப்ராக்கும் உள்ளுக்குள் ஒன்றாக இணைந்தவை. பிளேடு எந்தத் தண்டவாளத்தைத் தொடுகிறதோ அதன் மின்சாரம் ஃப்ராக்குக்கும் போகும். கையால் தள்ளும் பாயிண்டுக்கு அது போதும். ஆனால் டார்ட்டாய்ஸ் மெதுவாக நகர்வது, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக இரண்டு மூன்று விநாடி பிடிக்கும். அதன் உள்ளே இருக்கும் காண்டாக்ட் ஓட்டத்தின் நடுவிலேயே மாறிவிடுகிறது. அந்த நேரத்தில் பிளேடு இன்னும் பழைய தண்டவாளத்தை விட்டு விலகவில்லை என்றால், 4-ம் பின் ஃப்ராக்குக்கு ஒரு பக்க மின்சாரத்தைக் கொடுக்கும், பிளேடு எதிர்ப்பக்கத்து மின்சாரத்தைக் கொடுக்கும். நேரடி ஷார்ட். பழைய டிசி கன்ட்ரோலர் அந்தக் கொஞ்ச நேரத்தைப் பொறுத்துக்கொண்டது. டிசிசி பூஸ்டர் பொறுக்காது, பொறுக்கவும் கூடாது.

சோதித்துப் பார்ப்பது சுலபம். ஒரு பாயிண்டில் 4-ம் பின் ஒயரை மட்டும் கழற்றிவிட்டு சுவிட்சைத் தட்டுங்கள். டிரிப் ஆகவில்லை என்றால் நான் சொன்னதுதான்.

பீக்கோவின் ஸ்பிரிங்கை, இரண்டு பிளேடையும் இணைக்கும் டை பாரிலிருந்து எடுத்துவிட்டீர்களா? எடுக்கவில்லை என்றால் அது பிளேடைக் கடைசிவரை பிடித்து வைத்திருந்து ‘டக்’கென்று விடும். டார்ட்டாய்ஸ் போட்ட பாயிண்டில் அந்த ஸ்பிரிங் இருக்கவே கூடாது.

என்_கேஜ்_சிங்கப்பூர்

அண்ணன் சொன்னது சரி. பாயிண்டின் உள் இணைப்பை வெட்டி ஒட்ட விருப்பமில்லை என்றால் ஃப்ராக் ஜூசர் என்று ஒரு சின்ன போர்டு கிடைக்கிறது. ஷார்ட் வந்தவுடன் ஃப்ராக்கின் போலாரிட்டியைத் தானே மாற்றிவிடும். டிசிசியில் மட்டும்தான் வேலை செய்யும். மோட்டார் காண்டாக்டிலிருந்து ஃப்ராக் ஒயரை எடுத்துவிட்டு இதில் கொடுக்க வேண்டும். இனிமேல் வாங்குவதாக இருந்தால் பீக்கோ யூனிஃப்ராக் பாருங்கள், அதில் பிளேடும் ஃப்ராக்கும் தனித்தனியாகவே வருகின்றன.

ஈரோடு_எச்ஓ

ஐயா, 4-ம் பின்னைக் கழற்றினேன். டிரிப் இல்லை! ஸ்பிரிங்கும் இருந்தது, எடுத்துவிட்டேன். ஒயரைத் திரும்பக் கொடுத்தால் இப்போது எப்போதாவதுதான் டிரிப் ஆகிறது, முழுவதும் போகவில்லை. நான்கு பாயிண்டை இன்னும் பலகையில் ஒட்டவில்லை, இரண்டுக்கு ஜல்லி போட்டு முடித்துவிட்டேன். என்ன செய்யட்டும்?

சிக்னல்_மெயின்டைனர்

ஒட்டாத நான்கையும் கவிழ்த்துப் பாருங்கள். ஃப்ராக்குக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு மெல்லிய கம்பி பாலம் மாதிரி தெரியும். பிளேடையும் ஃப்ராக்கையும் இணைப்பது அவைதான். இரண்டையும் வெட்டிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு பிளேடையும் அதன் பக்கத்திலேயே இருக்கும் வெளித் தண்டவாளத்தோடு சின்ன ஒயர் வைத்து சால்டர் செய்யுங்கள். ஸ்லீப்பருக்கு நடுவில் இதற்காகவே இடம் விட்டிருப்பார்கள். சால்டரிங் இரும்பை நிறைய நேரம் வைக்காதீர்கள், பிளாஸ்டிக் உருகிவிடும். இப்படிச் செய்தால் பிளேடு எப்போதும் தன் பக்கத்து மின்சாரத்தில் இருக்கும், ஃப்ராக் மட்டும் தனியாக மாறும். பிறகு காண்டாக்ட் முன்னே மாறினாலும் பின்னே மாறினாலும் கவலையில்லை.

ஜல்லி போட்ட இரண்டைப் பெயர்க்க வேண்டாம். மெல்லிய கட்டிங் டிஸ்கால் மேலிருந்தே, ஃப்ராக்குக்கு முன்னால் இரண்டு தண்டவாளத்தையும் வெட்டுங்கள். வெட்டிய இடைவெளியில் ஒரு பிளாஸ்டிக் துண்டை ஒட்டி, தண்டவாள வடிவத்துக்கு அரத்தால் தேய்த்துவிடுங்கள். இல்லையென்றால் மே மாத வெயிலில் தண்டவாளம் நீண்டு இடைவெளி மூடிக்கொள்ளும். சால்டர் வேலையும் மேலிருந்தே செய்ய வேண்டியிருக்கும். அதற்குப் பொறுமையில்லை என்றால் அந்த இரண்டுக்கு மட்டும் சிங்கப்பூர் தம்பி சொன்ன ஜூசரைப் போடுங்கள், தவறில்லை.

எல்இடிக்கு வருகிறேன். இரண்டு கால் இருக்கும் இருவண்ண எல்இடியை 1-ம் பின் ஒயரில் தொடராகப் போட்டாலே எரியும். மின்சாரத்தை மோட்டாரே கட்டுப்படுத்துவதால் ரெசிஸ்டர் வேண்டாம். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு அது போதாது. சுவிட்சை எந்தப் பக்கம் தள்ளினீர்கள் என்பதைத்தான் அது காட்டும். 5, 6, 7 பின்கள் சும்மா இருக்கின்றன. அடாப்டரின் பாசிட்டிவ் ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 5-க்கு, 6-லிருந்து பச்சைக்கு, 7-லிருந்து சிவப்புக்கு, மூன்று கால் எல்இடியின் பொதுக்கால் நெகட்டிவுக்கு. இப்போது மோட்டார் உண்மையாகவே திரும்பினால்தான் விளக்கு மாறும்.

அதிலும் பிளேடு ஒட்டியதா என்பது தெரியாது. நிஜ ரயில்வே யார்டில் நாங்கள் டங் ரயிலுக்கும் (பிளேடு) ஸ்டாக் ரயிலுக்கும் (அது ஒட்டும் வெளித் தண்டவாளம்) நடுவில், முனையிலிருந்து 150 மி.மீ. தள்ளி, 5 மி.மீ. கனத் துண்டை வைத்து பாயிண்டை ஓட்டிப் பார்ப்போம். பாயிண்ட் லாக் ஆகவும் கூடாது, ரயில் போக சிக்னல் விழவும் கூடாது. உங்கள் பாயிண்டில் ஒரு விசிட்டிங் கார்டை பிளேடுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் வைத்து சுவிட்சைத் தட்டுங்கள். விளக்கு மாறிவிடும், பிளேடு திறந்தே இருக்கும். சக்கரம் ஏறி இறங்குவது அங்கேதான். அதனால் விளக்கை நம்பி விட்டுவிடாமல் பிளேடைக் கண்ணால் பாருங்கள். கார்டை எடுத்த பிறகும் பிளேடு இறுக்கமாக ஒட்டவில்லை என்றால், டார்ட்டாய்ஸோடு வரும், பிளேடைத் தள்ளும் 0.6 மி.மீ. கம்பியை எடுத்துவிட்டு 0.8 மி.மீ. ஸ்டீல் கம்பி போடுங்கள். பிளைவுட்டுக்கு மேல் கார்க்கும் இருந்தால் பெரும்பாலும் அது தேவைப்படும்.