புதுப்பிப்பு: காசிமேட்டு மாமாவை எங்கே காட்டினோம்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: சென்னை காசிமேட்டில் மாமா கடலுக்குப் போவதையே விட்டுவிட்டார், தூக்கம் இல்லை, யாரோடும் பேச்சும் இல்லை, எங்கே காட்டுவது என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

பலர் சொன்ன 14416-க்குத்தான் முதலில் போட்டோம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது. இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். மாமா போனைத் தொடவே இல்லை. அத்தைதான் பேசினார். பேசி முடித்துவிட்டு அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டார். பார்த்துக்கொள்கிறவரை யார் பார்ப்பது?

அப்புறம் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை என்றாலே மாமா எழுந்து போய்விடுவார் (நம் ஊரில் அந்தப் பேரே வசவாகிவிட்டது, பாவம்). ஸ்டான்லி சர்க்கரைக்கும் கால்வலிக்கும் போய்ப் பழகிய இடம். மனநலப் பிரிவும் அதே வளாகத்தில் என்றதும் சட்டை மாட்டிக்கொண்டார். அத்தை கட்டிய மந்திரித்த கயிற்றை டாக்டர் கழற்றச் சொல்லவில்லை. மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றார்.

திருநங்கைத் தோழியைக் காட்டப் போனால் பாகுபாடு பார்ப்பார்களோ என்று கேட்டவருக்கு: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவைக் காட்டுங்கள். பாலினம், சாதி, மதம், வர்க்கம் எதையும் வைத்துப் பாகுபாடு கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது.

மாமா இன்னும் கடலுக்குப் போகவில்லை. சாயங்காலம் வலை சரிசெய்யும் இடத்தில் போய் உட்காருகிறார். "மாத்திரை போட்டியா?" என்று கூட்டாளிகள் சத்தமாகவே கேட்கிறார்கள். சரி, கேட்கட்டும்.