நிலஅதிர்வுத் தரவு காட்டுவது விரிசலின் திசையா, தகைவின் திசையா?

கருங்கல்:
கனடாவின் ஆல்பர்ட்டாவில், ஃபாக்ஸ் கிரீக் ஊர்ப் பக்கத்து டுவர்னே ஷேலுக்கு (எண்ணெய், வாயு எடுக்கும் களிப்பாறை அடுக்கு), செயற்கை அலைகளை அனுப்பி எதிரொளிப்பைப் பதியும் 3டி நிலஅதிர்வுத் தரவை வைத்தே தகைவுத் திசை (பாறை எந்தப் பக்கம் அழுத்தப்படுகிறது என்ற) வரைபடம் போட்டுவிடலாம் என்று இங்கே சிலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அங்கே பெருமக் கிடைத்தகைவு, அதாவது கிடைமட்டத்தில் மிகப் பெரிய அழுத்தம், வடகிழக்கு–தென்மேற்கு. பெல், கஃப் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கிணற்றுச் சுவர் உதிர்ந்த பக்கங்களைப் பார்த்து 1979லேயே சொல்லிவிட்டார்கள். கிடைக்கிணறுகளை வடமேற்கு–தென்கிழக்காகத் துளைப்பதும் அதனால்தான்: உடைக்கும் விரிசல்கள் பெருந்தகைவுத் திசையில் ஓடும், கிணறு அவற்றுக்குக் குறுக்கே போக வேண்டும். நிலஅதிர்வு தகைவை அளப்பதில்லை. எந்தத் திசையில் அலை வேகமாகப் போகிறது, எந்தத் திசையில் எதிரொளிப்பு மாறுகிறது என்பதை மட்டுமே அளக்கிறது.

அலைவரிசை:
வட்டாரத் திசை சரிதான் சார். ஆனால் ஃபால்ட் (பாறை உடைந்து நகர்ந்த தளம்) அருகே தகைவு திரும்புமே? கிணற்றுக்குள் இறக்கிப் படமெடுக்கும் இமேஜ் லாக் கிணற்றுச் சுவரை மட்டும்தான் பார்க்கும். கிணறுகளுக்கு நடுவே நிலஅதிர்வைத் தவிர வேறு என்ன தரவு இருக்கிறது? முறையாக எடுத்தால் திசை கிடைக்கும். 3 கிமீ ஆழ இலக்குக்கு 40 டிகிரி படுகோணம் வேண்டும். நேர்கதிர்க் கணக்கில் 5 கிமீ ஆஃப்செட் (அலை மூலத்துக்கும் பதிவுக்கருவிக்கும் இடைத்தூரம்), அதுவும் எல்லாத் திசைக்கோணத்திலும். தரவைத் திசைவாரியாக ஆறு துண்டாக வெட்டிக் கூட்டாமல், ஆஃப்செட் வெக்டர் டைல்களாக (தூரமும் திசையும் ஒத்த சிறு தொகுப்புகளாக) வைத்து மைக்ரேட் செய்து (எதிரொளிப்புகளை உரிய இடத்துக்கு நகர்த்தி), எதிரொளிப்பு வீச்சு கோணத்துக்கும் திசைக்கும் ஏற்ப மாறுவதைச் சொல்லும் ரூகர் சமன்பாட்டைப் பொருத்த வேண்டும்.

கருங்கல்:
அந்தச் சமன்பாட்டிலேயே 90 டிகிரி குழப்பம் இருக்கிறதே! திசைச்சார்புச் சரிவின் (கோணத்தோடு வீச்சு மாறும் விதம் திசைக்குத் திசை வேறுபடும் அளவின்) கூட்டல்/கழித்தல் குறி தெரியாமல், விரிசல் வடகிழக்கா வடமேற்கா என்று வீச்சை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. விரிசலில் வாயுவா நீரா என்பதைப் பொறுத்து குறியே புரளும்.

அலைவரிசை:
அதற்குத்தான் வேகத்தையும் சேர்த்துப் பார்ப்பது. வேகமான திசை விரிசலுக்கு இணை, அதில் குழப்பம் இல்லை.

கருங்கல்:
கணக்குப் போடுங்கள். 50 மீட்டர் ஷேல், வேகம் 4500 மீ/வி, திசைக்குத் திசை 4 சதவீத வேறுபாடு. 40 டிகிரியில் போய்வரும் நேரம் 29 மில்லி செகண்ட். வேறுபாட்டில் ஏறத்தாழ 40 சதவீதம்தான் அந்தக் கோணத்தில் தெரியும். ஆக அரை மில்லி செகண்டுக்கும் குறைவு! மேலே கிடக்கும் 3 கிமீ பாறையில், 3500 மீ/வி வேகத்தில், வெறும் 1 சதவீதம் இருந்தால் அதுவே 9 மில்லி செகண்ட். மேலடுக்கை உரித்துக் கழிக்கும்போது வரும் பிழையே இலக்கை விழுங்கிவிடும்.

அலைவரிசை:
மெல்லிய அடுக்கில் வேகம் எடுபடாது என்பது சரி. அப்போது 90 டிகிரியைக் கிணற்றில் தீர்த்துக்கொள்ளலாம். கிணற்றுக்குள் இரண்டு செங்குத்துத் திசைகளில் குறுக்கலையை அனுப்பி அளக்கும் கிராஸ்டு டைபோல் சோனிக் கருவியை ஓட்டுங்கள். வேக, மெது அலைகளின் சிதறல் வளைவுகள் (அதிர்வெண்ணோடு வேகம் மாறுவதைக் காட்டுபவை) ஒன்றையொன்று வெட்டினால் காரணம் தகைவு. இணையாகப் போனால் விரிசல் அல்லது பாறையின் இயல்பு. தகைவின் தடம் நிலஅதிர்வில் விழும் என்பதற்கு வடகடலின் வால்ஹால் எண்ணெய் வயல் சாட்சி. கடலடி தாழ்ந்த இடத்தைச் சுற்றிக் குறுக்கலைப் பிளவு (குறுக்கலை வேக, மெது அலைகளாகப் பிரிவது) வட்டமாக ஒழுங்குபட்டிருக்கிறது.

கருங்கல்:
வால்ஹாலில் அது கடலடியின் மென்வண்டல், ஆழத்துச் சுண்ணப்பாறை அல்ல. டுவர்னேக்கு வாருங்கள். ஃபாக்ஸ் கிரீக்கில் 2016 ஜனவரியில் 4க்கு மேல் அளவுள்ள நடுக்கம் வந்தது. அந்தப் பகுதியில் நகர்ந்தவை ஏறத்தாழ வடக்கு–தெற்கு ஃபால்ட்கள். அந்தத் திசையில் பழைய விரிசல், வடகிழக்கில் தகைவு திறந்த நுண்பிளவு, இரண்டும் ஒரே பாறையில் இருந்தால், ஒரே விரிசல் திசை என்று கொள்ளும் கணக்கு மாதிரி இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு திசையைத் துப்பும். பிழை சிறிதாகவும் காட்டும், ஏனென்றால் கொசைன் வளைவு அழகாகப் பொருந்தும்.

நுண்பிளவு:
இடையில் ஒன்று. நிலஅதிர்விலிருந்து கணக்கிடும் கிடைத்தகைவு வேறுபாட்டு விகிதம் (இரு கிடைத்தகைவுகளின் வேறுபாட்டைப் பெரியதால் வகுப்பது) என்று சொல்கிறார்களே, அதன் சூத்திரத்தில் பின்னத்தின் மேல்பகுதியில் யங் குணகமும் (பாறையின் விறைப்பு) விரிசல் நெகிழ்வும் பெருக்கப்படுகின்றன. நெகிழ்வு பூஜ்யமானால் விகிதமும் பூஜ்யம். விரிசலே இல்லாத இறுகிய பாறையில் தகைவு வேறுபாடு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வரைபடம் 'ஒன்றுமில்லை' என்றுதான் சொல்லும். நீருள்ள இடத்தில் நெகிழ்வு குறையும், அதையும் தகைவு என்று வாசித்துவிடுவார்கள். அளவை நம்பாதீர்கள், திசையைப் பற்றி வேண்டுமானால் பேசலாம்.

அலைவரிசை:
இரண்டு விரிசல் தொகுதி என்றால் ஆர்த்தோராம்பிக் மாதிரி (மூன்று செங்குத்துத் திசைகளிலும் பாறையின் பண்பு வேறுபடும் என்று கொள்வது) போடலாம். ஆனால் அதற்குத் தெரியாத மாறிகள் கூடும், தரவின் மடிப்பும் (ஒரே இடத்துக்குக் கிடைக்கும் பதிவுகளின் எண்ணிக்கை) அதிகரிக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் முறை இதுதான்: இமேஜ் லாக் உள்ள கிணறுகளில் பாதியை ஒளித்துவைத்துவிட்டு வரைபடம் போடுவது. உதிர்வுத் திசையோடு 90 டிகிரியும், துளையிடலால் உண்டான இழுவிசை விரிசலோடு நேராகவும் ஒத்துப்பார்ப்பது. வேறுபாடு 20 டிகிரிக்குள் இருந்தால் பயன்படுத்துவேன்.

கருங்கல்:
ஒத்துப்போனாலும், கிணறுகள் எல்லாம் ஃபால்ட்டை விட்டு விலகி இருந்தால் அது வட்டாரத் திசையைத் திரும்பச் சொன்னதாகத்தான் ஆகும். ஃபால்ட்டிலிருந்து 500 மீட்டருக்குள் ஒரு கிணறாவது ஒளித்துவைத்த பட்டியலில் இருக்கட்டும். அங்கே ஒத்துவந்தால் நான் பேசாமல் இருந்துவிடுகிறேன்.