பார்த்துட்டானுங்கன்னா என்ன ஆகும்? உளவு கேம்ல மாட்டின கதையைப் போடுங்க (பாண்டி, கடலூர் ஆளுங்க)

லாஸ்பேட்டை வாசி:

ஸ்டெல்த் கேம்ல (பதுங்கிப் பதுங்கி ஆடுற வகை) எது பெருசுன்னு பேச்சு வந்தாலே கிராபிக்ஸ், கதை, ஹீரோ குரல்னு ஆரம்பிச்சிடுறாங்க. எனக்கு அளவுகோல் ஒண்ணே ஒண்ணு. காவலுக்கு நிக்கிற கார்டு உங்களைப் பார்த்துட்டான். அடுத்த ஒரு நிமிஷம் அந்த கேம் உங்களை என்ன பண்ணுது? அதை வெச்சு ஒப்பிடலாம். அவங்கவங்க மாட்டின கதையைப் போடுங்க. நான் தொடங்கி வைக்கிறேன்.

நம்ம செட்டுக்கு முதல் உளவாளி டேவிட் ஜோன்ஸ்தான். 2000-ல வந்த பிராஜெக்ட் ஐ.ஜி.ஐ. கேமோட ஹீரோ. நேரு வீதி பக்கம் மாடியில ஒரு பிரவுசிங் சென்டர் இருந்துச்சு. எந்த மெஷின்ல உக்காந்தாலும் அதுவும் வைஸ் சிட்டியும் இருக்கும். நார்வேல இன்னர்லூப்னு ஒரு கம்பெனி பண்ணது. அதுக்கு முன்னாடி போர் விமான கேம் ஒண்ணு எடுத்திருந்தாங்க, அந்த எஞ்சினையே (கேமை ஓட்டற அடிப்படை சாஃப்ட்வேர்) இதுக்கும் போட்டுட்டாங்க. மேப் அவ்ளோ விரிஞ்சு கிடக்கிறதுக்குக் காரணம் அதுதான். வேலிக்கு வெளிய மேட்டுல படுத்துக்கிட்டு பைனாகுலர்ல மொத்த கேம்பையும் நோட்டம் விடலாம். எந்த டவர்ல ஆள், எந்த மூலையில கேமரா, சிப்பாய்ங்க தங்கற பாரக்ஸ் எந்தப் பக்கம்னு மனசுக்குள்ள படம் வரைஞ்சுட்டுத்தான் இறங்கணும்.

மொத்தம் 14 மிஷன். மிஷன் நடுவுல சேவ் கிடையாது. கேமரா கண்ணுல பட்டா அலாரம், அலாரம் அடிச்சா பாரக்ஸ்லேர்ந்து வந்துக்கிட்டே இருப்பானுங்க. அதனால கம்ப்யூட்டர் இருக்கிற ரூமுக்குப் போய் கேமராவை அணைக்கிறதுதான் முதல் வேலை. ராணுவ விமானத் தளம் மிஷன்ல ஒருநாள் எல்லாத்தையும் சத்தமில்லாம முடிச்சுட்டு வெளிய போற நேரம். தூரத்து டவர்லேர்ந்து ஒரே ஒரு குண்டு. தரையில சாய்ஞ்சு வானத்தைப் பார்த்துக்கிட்டிருக்கேன், பின்னாடியிலேர்ந்து சென்டர்காரர் "தம்பி டைம் ஆயிடுச்சு, எந்திரி"ங்கிறார். ஐ.ஜி.ஐ.ல மாட்டினா தண்டனை நம்ம சட்டைப்பைக்குத்தான். வேற எந்த கேமுக்கும் நான் அவ்ளோ பயந்தது கிடையாது.

மஞ்சக்குப்பம் ஆளு:

அண்ணே, உங்களுக்கு டைம் முடிஞ்சாதான் போச்சு. எங்களுக்கு கரண்ட்டு. அந்தப் பவர் கட் வருஷங்கள்ல கடலூர்ல ஐ.ஜி.ஐ. ஆடினவனுக்குத் தனியா ஒரு பதக்கம் கொடுக்கணும். யுபிஎஸ் கீ கீன்னு கத்த ஆரம்பிச்சுட்டா அதுதான் எங்களுக்கு நிஜ அலாரம். இன்னும் கொஞ்ச நேரத்துல மெஷின் அணைஞ்சிடும்னு தெரிஞ்சதும் பதுங்கறதாவது ஒண்ணாவது, எந்திரிச்சு ஓடி கண்ல பட்டவனையெல்லாம் சுடுவோம். உளவு கேம் அந்த நொடியில ராமநாராயணன் படம் மாதிரி எதுவேணா ஆகும்.

2011 டிசம்பர் 30, தானே புயல். எங்க தெருவுக்கு லைன் திரும்பி வர்ற வரைக்கும் கம்ப்யூட்டர் மேல போர்வை போத்தித்தான் கிடந்துச்சு. வந்ததும் நான் போட்டது ஐ.ஜி.ஐ. இல்ல, கமாண்டோஸ். 1998 கேம், ஸ்பெயின்ல பைரோ ஸ்டூடியோஸ் பண்ணது. எங்க வேணும்னாலும் சேவ் பண்ணிக்கலாம், கரண்ட்டை நம்பாதவனுக்கு அதைவிட என்ன வேணும்.

அதுல பார்வைங்கிறதைப் பச்சையா வரைஞ்சே காட்டிடுவான். சிப்பாய் கண்ணுலேர்ந்து விசிறி மாதிரி ஒரு பட்டை விரியும். கிட்டத்துல வெளிர்பச்சை, அங்க படுத்தாலும் மாட்டுவோம். தூரத்துல கரும்பச்சை, அங்க தவழ்ந்து போனா தெரியாது. ஆனா ஒரு நேரத்துக்கு ஒருத்தன் பார்வையைத்தான் பார்க்க முடியும், மத்தவன் எப்ப திரும்புவான்னு நாமளே கணக்குப் போட்டுக்கணும். நம்ம டீம்ல கிரீன் பெரேங்கிற கமாண்டோ கத்தியோட போய் முடிச்சுட்டு உடம்பைத் தோள்ல தூக்கிட்டு வருவான். இன்னொருத்தன் ஸ்பை, கொடியில காயுற யூனிஃபார்மை எடுத்து மாட்டிக்கிட்டு, ரோந்துக்காரன்கிட்ட பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைப்பான். அவன் பேசிக்கிட்டிருக்கிற முதுகுக்குப் பின்னாடி மத்தவங்க கடந்து போகணும். சைரன் அடிச்சா? லோட், சேவ் பண்ண இடத்துலேர்ந்து மறுபடி. அவ்ளோதான். உங்க அளவுகோல்படி பார்த்தா பாதி மார்க்குக்கூட வராது. எனக்கு அதான் வசதி.

லாஸ்பேட்டை வாசி:

@மஞ்சக்குப்பம், அப்ப ஷேடோ டாக்டிக்ஸ் ஆடிப் பாருங்க. 2016, ஜெர்மனியில மிமிமின்னு ஒரு சின்ன டீம். கமாண்டோஸ் வகைதான், ஜப்பான் பின்னணி. கடைசியா சேவ் பண்ணி ஒரு நிமிஷத்துக்கு மேல ஆயிட்டா திரையிலேயே ஞாபகப்படுத்தும். மாட்டுவ, திரும்ப வருவ, அதுதான் ஆட்டமேன்னு ஒத்துக்கிட்ட கேம். பனியில நடந்தா கால் தடத்தைப் பிடிச்சுக்கிட்டு கார்டு வருவான், அதையே தூண்டிலா போட்டு அவனைச் சந்துக்குள்ள இழுக்கலாம். 2023-ல அந்த கம்பெனியையே மூடுறதா சொல்லிட்டாங்க. நல்ல சமையல்காரன் கடைதான் முதல்ல மூடும் போல.

குருசுக்குப்பம் பேரன்:

எங்க வீட்ல பிளே ஸ்டேஷன் வந்த கதை வேற. தாத்தா பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவர், சொல்தா (சிப்பாய்) பென்ஷன். சித்தப்பா குடும்பம் பிரான்ஸ்ல. லீவுக்கு வந்தப்ப அவங்க பையனோட பழைய பிளே ஸ்டேஷனையும் கூடவே மெட்டல் கியர் சாலிட் டிஸ்க்கையும் விட்டுட்டுப் போனாங்க. 1998 கேம், பிரான்சுக்கு வந்தது பிரெஞ்சு குரல்ல. எனக்கு பள்ளிக்கூடத்துல படிச்ச பிரெஞ்சு மட்டும்தான், ரேடியோவுல நமக்கு உத்தரவு கொடுக்கிற கர்னல் ஒரு கால் மணி நேரம் பேசினா பாதி புரியாது. தாத்தாவுக்குப் புரியும். அப்படித்தான் அவர் சாய்வு நாற்காலியை டிவி பக்கம் திருப்பிப் போட்டுக்கிட்டு உக்கார ஆரம்பிச்சாரு.

முதல் நாளே கேட்டாரு: "இன்னாடா இவன், போன வழியிலேயே வரான், வந்த வழியிலேயே போறான்? சென்ட்ரி இப்படி நடந்தா ஆபீசர் தோலை உரிச்சிடுவான்." அவர் சொல்றது நியாயம்தான். ஆனா அவன் ஒழுங்கா ரோந்து போனா நம்மால ஆடவே முடியாதே! வழி மாறாம இருக்கிறதுதான் நமக்குக் கொடுக்கிற சலுகை. மூலையில ராடார், அதுல ஒவ்வொருத்தன் பார்வையும் தெரியும். பார்த்துட்டான்னா தலைக்கு மேல ஆச்சரியக்குறி, கூடவே அந்தச் சத்தம். ராடார் செத்துப்போகும். கண்ணு கட்டின மாதிரி ஓடணும். எங்கயாவது பதுங்கினா மேல எண் இறங்க ஆரம்பிக்கும், அது சைபருக்கு வந்தா பழையபடி ரோந்துக்குப் போயிடுவானுங்க. தாத்தா இதைப் பார்த்துட்டு, "அவ்ளோதானா? தேடவே மாட்டானுங்களா?"ன்னு ஏமாந்துட்டாரு.

பனித் தரையில என் கால் தடத்தைக் குனிஞ்சு பார்த்துக்கிட்டே ஒருத்தன் பின்னாடி வந்தப்ப மட்டும், "ஹாங், இவன் சிப்பாய்"ன்னாரு.

சைக்கோ மேண்டிஸ்னு மனசைப் படிக்கிற ஒருத்தன் வருவான். மெமரி கார்டுல இதே கொனாமி கம்பெனியோட வேற கேம் சேவ் இருந்தா உனக்கு அது பிடிக்கும்தானேன்னு சொல்லிடுவான். கண்ட்ரோலரைத் தரையில வையின்னு சொல்லி அதிர வெச்சு நகர்த்துவான். நாம எந்தப் பட்டனை அழுத்தினாலும் முன்கூட்டியே தெரிஞ்ச மாதிரி விலகுவான். கண்ட்ரோலரைப் பிடுங்கி ரெண்டாவது போர்ட்டுல மாட்டினாத்தான் அடி விழும். அந்த வழியை ரேடியோவுல பிரெஞ்சுல சொன்னாங்க, தாத்தாதான் மொழிபெயர்த்தாரு. அவரே நம்பல. "மிஷினைக் கழட்டி மாட்டச் சொல்றான், கெடுத்துடாத"ன்னு ரெண்டு தடவை எச்சரிச்சாரு.

முத்தியால்பேட்டை:

ஆம்பளைங்க எல்லாரும் கண்ணைப் பத்தியே பேசுறீங்க. காதைப் பத்தி யாருமே சொல்லலையே.

நான் ஆடினதுல பெஸ்ட் திருட்டு கேம்தான், தீஃப். அதுவும் 1998. லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோஸ். திரைக்குக் கீழ ஒரு மணிக்கல், நீங்க வெளிச்சத்துல இருந்தா பளபளக்கும், இருட்டுல இருந்தா கறுத்துடும். அது பாதிதான். மீதி எல்லாம் தரை. கார்பெட் மேல நடந்தா சத்தமே வராது, பளிங்குலயும் இரும்புலயும் நடந்தா டக் டக்னு வீடு முழுக்கக் கேக்கும். தண்ணி அம்பு விட்டுப் பந்தத்தை அணைக்கலாம், பாசி அம்பு விட்டுத் தரையை மெத்தையாக்கலாம். எக்ஸ்பர்ட்ல, அதான் ரொம்பக் கஷ்டமான லெவல்ல போட்டா மனுசங்க யாரையும் கொல்லக் கூடாது. நான் அதுலதான் ஆடுவேன், மத்தது எனக்குத் திருட்டுக் கணக்குல வராது.

மாட்டின கதைன்னா இது. பெரிய மாளிகை, கையில பை நிறைய நகை. கார்டு ஒருத்தன் பாட்டு முணுமுணுத்துக்கிட்டே போறான். அவன் பின்னாடியே கார்பெட்ல போறேன். கார்பெட் முடிஞ்ச இடத்துல டைல்ஸ், ஒரே ஒரு அடி. பாட்டு நின்னுடுச்சு. அவன் திரும்பல. சும்மா நிக்கறான், காதை வெச்சுக்கிட்டு. நானும் நிக்கறேன். ஹெட்போன் மாட்டிக்கிட்டு ராத்திரி ஆடிக்கிட்டிருந்தவ, நிஜமாவே மூச்சை அடக்கிட்டேன். பக்கத்துல எங்க அம்மா தூங்கறாங்க, அவங்க புரண்டு படுத்ததுக்கு நான் திடுக்குன்னு ஆயிட்டேன்.

அதே காது விஷயத்தை இன்னும் ஒரு படி மேல கொண்டுபோனது ஸ்ப்ளிண்டர் செல் கேயாஸ் தியரி, 2005. அதுல ரெண்டு சத்தத்தை அளந்து காட்டுவான்: நீங்க போடுறது, சுத்துவட்டாரத்துல இருக்கறது. ஆடி மாசம் கூழ் ஊத்துற அன்னிக்கு மைக் செட் அலறிக்கிட்டிருந்தா உங்க வீட்ல பாத்திரம் விழுந்தது யாருக்குக் கேக்கும்? அதே கணக்குதான். ஜெனரேட்டர் பக்கத்துல ஓடலாம், அமைதியான ரூம்ல ஊர்ந்துதான் போகணும். முதல் மிஷனே பெரு நாட்டுக் கடற்கரையில, கலங்கரை விளக்கம், மழை, இடி.

அண்ணனோட அளவுகோலுக்கும் பதில் இருக்கு. 2002-ல வந்த முதல் ஸ்ப்ளிண்டர் செல்ல மூணு அலாரம் அடிச்சா மிஷன் காலி, வீட்டுக்குப் போ. கேயாஸ் தியரியில அது போயிடுச்சு. மாட்டினா கார்டுங்க உஷாராவாங்க, கடைசியில மார்க் குறையும், ஆனா கேம் உங்களைத் துரத்தி விடாது. அந்த நூறு சதவீதத்துக்காகவே விடிய விடிய உக்காந்தவ நான். அதுக்கப்புறம் அதே வரிசையில 2010-ல கன்விக்‌ஷன்னு ஒண்ணு வந்துச்சு. மார்க் பண்ணு, பட்டனை அழுத்து, எல்லாரும் விழுவாங்க. ஹீரோ சாம் ஃபிஷரை அப்படிப் பார்க்க எனக்குப் பிடிக்கல.

மஞ்சக்குப்பம் ஆளு:

கன்விக்‌ஷன் எனக்குப் பிடிக்குங்க்கா. அதுல மாட்டினா, கடைசியா நம்மளை எந்த இடத்துல பார்த்தானுங்களோ அங்க ஒரு வெள்ளை உருவம் நிக்கும். அந்தக் காலி இடத்தையே சுட்டுக்கிட்டிருப்பானுங்க, நாம சுத்திப் போய்ப் பின்னாடி நிக்கலாம். அது நல்ல யோசனை, ஒத்துக்கோங்க.

முத்தியால்பேட்டை:

அது ஒண்ணு மட்டும்.

வில்லியனூர் பஸ் ஸ்டாண்டு:

இருட்டுல ஒளியறதெல்லாம் திருடன் வேலை. உளவாளின்னா பட்டப்பகல்ல கூட்டத்துக்கு நடுவுல நடக்கணும். ஹிட்மேன்.

கூலிக்குக் கொல்றவனா நாம ஆடுற கேம். 2018-ல வந்த ஹிட்மேன் 2-ல மும்பை லெவல் இருக்கு. டென்மார்க்காரங்க பண்ண மும்பைன்னு சிரிச்சுக்கிட்டே போட்டேன், ரெண்டு மணி நேரம் யாரையும் தொடாம சுத்திக்கிட்டிருந்தேன். மூணு பேரை முடிக்கணும். அதுல ஒருத்தன் யாருன்னே தெரியாது, மூஞ்சி தெரியாது, கூட்டத்துக்குள்ள எங்கயோ இருக்கான். கண்டுபிடிக்கிறதே பாதி வேலை. இன்னொருத்தன் சினிமா தயாரிப்பாளர். அதுக்கும் மேல, அதே ஆளுங்களைக் கொல்ல வேற ஒரு கொலைகாரனும் வந்திருக்கான். கொஞ்சம் சாமர்த்தியம் பண்ணா நம்ம வேலையை அவனே முடிச்சுக் கொடுத்துடுவான். நாம டீக்கடைப் பக்கம் நின்னு வேடிக்கை பார்க்கலாம்.

மாட்டறது எப்படின்னா, சட்டையால. எந்த உடுப்பைப் போட்டா எந்தக் கதவு திறக்கும்னு ஒரு கணக்கு. ஆனா அதே வேலை பார்க்கிறவனுக்கு இன்னொரு புது மூஞ்சி உறுத்தும்ல? அப்படிப்பட்டவன் தலை மேல வெள்ளைப் புள்ளி இருக்கும். அவன் கிட்டப் போகாம, முதுகைக் காட்டிக்கிட்டு நழுவணும். நான் லாண்டரி ஆளு உடுப்புல போய், அந்தப் புள்ளிக்காரன் நேர்ல வர்றதைப் பார்த்துத் திரும்பினா பின்னாடி இன்னொரு புள்ளி. நடுவுல நான். ஓடினாலும் சந்தேகம், நின்னாலும் சந்தேகம். கூட்டத்துக்குள்ள புகுந்தேன், கலந்துட்டேன். வேற சட்டை கிடைச்சதும் நான் வேற ஆள். தேடறவனுங்க பழைய சட்டையைத்தான் தேடறானுங்க. லாஸ்பேட்டை அண்ணன் கேட்ட "அடுத்த ஒரு நிமிஷம்" இருக்கே, அது ஹிட்மேன்லதான் பிரமாதம். மாட்டின பிறகும் பொய் சொல்ல இடம் விட்டிருக்கான்.

லாஸ்பேட்டை வாசி:

வில்லியனூரார் சொல்றது சரியான வாதம். ஆனா முதல் இடத்தை நான் மெட்டல் கியர் சாலிட் 5-க்குத்தான் கொடுப்பேன், 2015 பேண்டம் பெயின். மத்த கேம் எல்லாம் நீங்க மாட்டின அந்த நிமிஷத்தை மட்டும் கவனிக்குது. இது நீங்க மாட்டாம இருக்கிறதையும் கவனிக்குது. எப்பவும் தலையில சுட்டீங்கன்னா கொஞ்ச நாள்ல எல்லாரும் ஹெல்மெட் போட்டுக்கிட்டு நிப்பானுங்க. எப்பவும் ராத்திரியில போனீங்கன்னா இருட்டுல பார்க்கற நைட் விஷன் கண்ணாடி மாட்டிக்குவானுங்க. நம்ம ஆளுங்களை அனுப்பி அந்த ஹெல்மெட் வர்ற சப்ளையையே அழிக்கலாம். குருசுக்குப்பம் தாத்தா இதைப் பார்த்திருந்தா எழுந்து நின்னிருப்பாரு.

டிஸ்ஆனர்ட் 2012-ஐயும் ஒரு வார்த்தை சொல்லணும். அதுல நிறைய பேரைக் கொன்னா ஊர்ல எலி பெருகும், முடிவும் இருண்டு போகும். யோசனை அருமை. ஆனா மாட்டின உடனே மாயமா கூரைக்குத் தாவிடலாம்னா அப்புறம் எதுக்குப் பயப்படணும்?

குருசுக்குப்பம் பேரன்:

தாத்தா மெட்டல் கியர் சாலிட் மூணாவது பார்ட்டைப் பார்த்தாரு, ஸ்னேக் ஈட்டர். காட்டுல பச்சையும் பழுப்புமா பூசிக்கிட்டுப் படுத்தா மறைவு சதவீதம் ஏறும்ல, அது அவருக்கு ரொம்பப் பிடிச்சது. தி எண்டுன்னு ஒரு வயசான ஸ்னைப்பர் வருவான். சண்டை நடுவுல சேவ் பண்ணிட்டு ஒரு வாரம் கழிச்சு வந்தா அவன் கிழடாகி செத்துக் கிடப்பான். நான் கன்சோல் கடிகாரத்தை முன்னாடி தள்ளி வெச்சு முடிச்சேன். தாத்தா ரெண்டு நாள் என்கூடப் பேசல. "வயசானவனை அப்படியாடா பண்றது?"

பாகூர் தம்பி:

அண்ணன்மார்களே, அக்கா, நான் காலேஜ் படிக்கிறேன், பழைய லேப்டாப், கிராபிக்ஸ் கார்டு கிடையாது. ஹிட்மேன் எல்லாம் ஓடாது. இதுவரைக்கும் ஆடினது அசாசின்ஸ் கிரீட் ஒண்ணுதான், அதுவும் மாட்டினா எல்லாரையும் அடிச்சுட்டுப் போயிடலாம். எதுல ஆரம்பிக்கலாம்?

முத்தியால்பேட்டை:

தீஃப் உன் லேப்டாப்புல தூங்கிக்கிட்டே ஓடும்டா தம்பி. முதல் மிஷனை நார்மல்ல முடி, அப்புறம் அதையே எக்ஸ்பர்ட்ல போடு. ஸ்பீக்கர்ல ஆடாத, ஹெட்போன் வாங்கு.

மஞ்சக்குப்பம் ஆளு:

கமாண்டோஸும் ஓடும். முதல்லயே சொல்லிட்டேன், சேவ் பண்ணிக்கோ.

லாஸ்பேட்டை வாசி:

ரெண்டும் ஆடு. ஐ.ஜி.ஐ. வேணும்னா அப்புறம் பார்க்கலாம், முதல்ல வீட்டு யுபிஎஸ் நல்லா இருக்கான்னு பாத்துக்க. மாட்டினதும் இங்க வந்து எழுது, எந்த மிஷன், எவன் பார்த்தான்னு விவரமா.