செல்ஃப் ‘என்கேஜ்’ ஆகவில்லை: தமிழில் என்ன எழுத?

காரைக்குடி, தொழிற்பயிற்சிப் பயிற்றுநர்:

வணக்கம். மோட்டார் மெக்கானிக் பிரிவுக்கான பழுதறி அட்டை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பட்டறைச் சுவரில் ஒட்டுவது. ஒரு பழுதுக்கு நான்கு வரிதான் இடம். எல்லாம் முடிந்து ஒரு சொல்லில் நிற்கிறேன். சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் (இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர்) ஓடுகிறது, இன்ஜின் அசையவில்லை. அதாவது ஸ்டார்ட்டர் இன்ஜினோடு சேர்ந்து அதைச் சுற்றவில்லை, ‘என்கேஜ்’ ஆகவில்லை. ‘தொடக்கி இணையாமை’ என்று எழுதினேன். மாணவர்கள் அதை ஒயர் இணைப்பு விட்டுப்போனதாகவே படிக்கிறார்கள். நல்ல சொல் தாருங்கள், மூன்று நாள்தான் இருக்கிறது.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

சொல் நம் வாசலிலேயே கிடக்கிறது: பூட்டுதல். வண்டியில் மாடு பூட்டுகிறோம், ஏர் பூட்டுகிறோம், வில்லில் நாண் பூட்டுகிறோம். எதிர்ச்சொல்லும் தயார்: அவிழ்தல். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் செல்ஃப் முனையில் உள்ள சின்னப் பல்சக்கரம், அதாவது பினியன், விலகிக்கொள்ள வேண்டுமல்லவா? ‘பூட்டாமை’, ‘அவிழாமை’ என்று இரண்டு பழுதும் ஒரே குடும்பத்தில் அடங்கும்.

வண்டி என்றதும் புறநானூறு 102 நினைவுக்கு வருகிறது. உப்பு வணிகரான உமணர் வண்டியின் அடிமரத்தில் கட்டிக்கொண்டு போகும் மாற்று அச்சை ஔவையார் ‘சேம அச்சு’ என்கிறார். ‘ஸ்பேர்’ என்பதற்கு இன்னும் சொல் தேடுகிறோம்! அட்டையில் ஸ்டெப்னி வந்தால் ‘சேமச் சக்கரம்’ என்றே போடுங்கள்.

யாழ்ப்பாணம்:

எங்கட பக்கம் ‘பூட்டுறது’ எண்டால் கழட்டின சாமானைத் திரும்பப் பொருத்துறது. ‘ஸ்டார்ட்டர் பூட்டவில்லை’ எண்டு வாசிச்சால் ஆள் ஸ்பானரைத்தான் தேடும். இன்னொண்டு: ‘துவக்கி’ எண்டு மட்டும் மாத்திப் போடாதேங்கோ. துவக்கு எங்களுக்குத் துப்பாக்கி.

கோனாபட்டு:

சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ‘அணைதல்’ யாருக்கும் தோன்றவில்லையா? மாடு அணைபவன் திமிலைத் தழுவுகிறான், கொஞ்ச தூரம் கூடவே ஓடுகிறான், பிறகு விட்டுவிடுகிறான். பினியனும் அதைத்தானே செய்கிறது?

காரைக்குடி, பயிற்றுநர்:

அழகுதான். ஆனால் ‘தொடக்கி அணையவில்லை’ என்று படித்தால், செல்ஃப் நிற்காமல் ஓடுகிறது என்று பையன் பேட்டரி ஒயரைப் பிடுங்குவான். ‘வண்டி அணைந்துபோச்சு’ என்றால் இன்ஜின் நின்றுவிட்டது என்று பொருள். இந்தச் சொல் வேண்டவே வேண்டாம்.

புதுவயல், பட்டறைக்காரர்:

சார், சொல்லு அப்புறம் இருக்கட்டும். நீங்க எந்தப் பழுதைச் சொல்றீங்க? மூணு பழுதை ஒரே சொல்லுக்குள்ள அடைக்கப் பாக்குறீங்க. அதான் சொல்லு சிக்க மாட்டேங்குது.

இப்ப வர்ற செல்ஃப்ல வரிசை இதுதான். சாவி திருப்பினதும் சோலினாய்டு, அதான் கரண்ட் வந்தா காந்தமாகிற காயில், பிளஞ்சர்ங்கிற இரும்புத் தண்டை இழுக்கும். பிளஞ்சர் ஃபோர்க்குங்கிற நெம்புகோலோட ஒரு முனையை இழுக்க, மறு முனை பெண்டிக்ஸை (பினியனும் கிளட்சும் சேர்ந்த பாகம்) ரிங் கியர், அதான் இன்ஜின் சக்கரத்துல இருக்கிற பல்வளையம், பக்கமாத் தள்ளும். தள்ளி முடியப்போற நேரத்துலதான் காண்டாக்ட் தட்டு ரெண்டு போல்ட்டையும் தொட்டு மோட்டாருக்குப் பெரிய கரண்டை விடும். ஆக, மோட்டார் விர்ருன்னு ஓடுதுன்னா பிளஞ்சர் கடைசி வரைக்கும் போயிருச்சுன்னு அர்த்தம். அந்த நேரத்துல பேட்டரி மேலயும் சோலினாய்டு மேலயும் பழி போட்டுப் புதுசு வாங்க வைக்கிறது பாவம்.

மிச்சம் மூணு. ஃபோர்க் உடைஞ்சோ அதோட பின் தேஞ்சோ பெண்டிக்ஸ் முன்னால போகவே இல்லை. இல்லைன்னா போச்சு, ஆனா பல்லுக்குள்ள பல்லு விழலை; கரகரன்னு அரைக்கும். அதுவும் இல்லைன்னா பல்லு விழுந்துருச்சு, பெண்டிக்ஸ் உள்ள இருக்கிற ஒன்வே கிளட்ச், ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிறது, வழுக்குது. அரைக்கிற சத்தமே இருக்காது, மோட்டார் மட்டும் சுகமா ஓடிக்கிட்டிருக்கும்.

சாஃப்ட்டுல இருக்கிற சாய்வு வரியில துருவும் கிளட்ச் தூசியும் இறுகிப்போச்சுன்னா பிளஞ்சர் பாதியில நின்னுரும். அப்ப மோட்டாரே ஓடாது, ஒரே ஒரு ‘டக்’தான். காண்டாக்ட் கருகினாலும் பிரஷ் தேஞ்சாலும் அதே ‘டக்’தான். ‘டகடகடக’ன்னா பேட்டரி இறங்கியிருக்கு, டெர்மினல் லூஸு, இல்லைன்னா சோலினாய்டுல பிடிச்சு வைக்கிற காயில் அறுந்திருக்கு. இதையெல்லாம் வேற கட்டத்துல போடுங்க.

பள்ளத்தூர், மொழிபெயர்ப்பாளர்:

அண்ணன் வாயிலேயே மூன்று வினை வந்துவிட்டது: போகலை, விழலை, வழுக்குது. முதலும் மூன்றும் அப்படியே இருக்கட்டும். சிக்கல் நடுவில் உள்ளதுதான். அதற்குக் ‘கோத்தல்’ என்பேன். இரண்டு கை விரல்களைக் கோத்துப் பாருங்கள். ஒன்றின் விரல் மற்றதன் சந்தில் இறங்குகிறது. பல் + கோத்தல் = பற்கோத்தல், எதிர்மறை ‘பல் கோவாமை’. வண்டியின் கிளட்ச் தட்டு உராய்வால் பிடிக்கிறது, அதற்குப் ‘பிடித்தல்’ போதும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதற்காக நாமும் ஒன்றில் அடக்க வேண்டியதில்லை.

கானாடுகாத்தான்:

> எதிர்மறை ‘பல் கோவாமை’

எந்தப் பையனுக்கு இது புரியும்? ஊரில் ‘கோர்க்கலை’ என்பார்கள். பேச்சில் உள்ளதையே எழுதுங்கள். இன்னொரு ஐயம். பெயர்ச்சொல் வேண்டும்போது என்ன செய்வீர்கள்? ‘பற்கோவை’ என்றால் மோட்டார் பம்பு செய்கிற ஊர் நினைவுக்கு வரும். ‘பற்கோப்பு’ என்றால் பல் மருத்துவர் மேசையில் இருக்கும் ஃபைல்.

தேவகோட்டை, தமிழாசிரியர்:

‘கோர்த்தல்’ பிழை. பூவைக் கோத்தாள், மணியைக் கோத்தான். ஒரு ரகரத்தை இடையில் செருகிவிட்டு அதற்குப் பேச்சு வழக்கு என்று பட்டம் கட்டாதீர்கள்.

‘பூட்டுதல்’ வேண்டாமென்றால் என் அடுத்த விண்ணப்பம் ‘கவ்வல்’. இந்த வேரைக் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள்: கவை, கவடு, கவட்டை, கவண், கவ்வு. இரண்டாகப் பிரிந்ததுதான் கவ்வும். நண்டின் கொடுக்கைப் பாருங்கள். ஃபோர்க் என்கிறீர்களே, அது கவையேதான். கவை தள்ள, பல் கவ்வுகிறது. ஒரே வேரில் இரண்டு உறுப்பும் பொருந்துவது வேறெந்தச் சொல்லில் கிடைக்கும்? வள்ளுவரும் ‘கவ்வையாற் கவ்விது காமம்’ (1144) என்கிறார்.

பள்ளத்தூர்:

ஐயா, அந்தக் குறளில் கவ்வை என்பது அலர், ஊர்ப்பேச்சு. கவ்வுவதற்கும் அதற்கும் என்ன உறவு? செல்ஃபுக்குப் பொருந்துவது அடுத்த அடிதான்: ‘தவ்வென்னும் தன்மை இழந்து.’ பேட்டரி இறங்கிய வண்டி அச்சாக அப்படித்தான் சுருங்கி அடங்கும்.

புதுவயல்:

கவ்வுறது ஃபோர்க்கு, ஐயா. அது பெண்டிக்ஸ் கழுத்தை எப்பவும் கவ்விக்கிட்டேதான் இருக்கு, வண்டி நிக்கிறப்பவும். ‘கவ்வாமை’ன்னு போட்டா பையன் ஃபோர்க்கை மாத்திட்டு உக்காந்திருப்பான்.

கோனாபட்டு:

விவாதம் கவைக்கு உதவாமல் போகிறது என்று சொல்ல வந்தேன். கவை ஏற்கெனவே வேலையில் இருக்கிறது போலும்.

கானாடுகாத்தான்:

‘தொடக்கி’ மட்டும் எதற்கு? செல்ஃப் என்று ஊரே சொல்கிறது. ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’ என்பதில் பின்பாதியை நாம்தான் வெட்டினோம். இங்கிலீஷ்காரனிடம் ‘செல்ஃப் எடுக்கலை’ என்றால் விழிப்பான். ஆக அது நம் சொல். ‘சிதைந்தன வரினும் இயைந்தன வரையார்’ என்று தொல்காப்பியரே இடம் கொடுத்திருக்கிறார்.

தேவகோட்டை, தமிழாசிரியர்:

அது வடசொல்லுக்குச் சொன்ன நூற்பா. செல்ஃபுக்கு நீட்டாதீர்கள். பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்த நம்மவர்கள் கணக்கை ‘ஐந்தொகை’ என்று தமிழிலேயே எழுதினார்கள். வட்டித் தொழில் அதனால் நின்றா போயிற்று?

கானாடுகாத்தான்:

ஐந்தொகை கடைக்காரர் ஏட்டில் பிறந்த சொல், புலவர் மன்றத்தில் பிறந்ததில்லை. அதையேதான் நானும் சொல்கிறேன். பட்டறையில் பிறந்ததை எடுங்கள்.

காரைக்குடி, பயிற்றுநர்:

அப்படியே எடுப்பதிலும் ஒரு முள் இருக்கிறது. பட்டறையில் ‘பெண்டிக்ஸ்’ என்கிறோம். வின்சென்ட் பெண்டிக்ஸ் பெயரில் வந்த பழைய அமைப்பில் ஃபோர்க் கிடையாது. மோட்டார் முதலில் சுற்றும், அந்த வேகத்தில் பினியன் திருகுபுரி மேல் ஓடிப்போய்ப் பல்லில் விழும். அதில் மோட்டார் ஓடுவதை வைத்து பிளஞ்சரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. இன்றைய செல்ஃபில் இருப்பது ஒருவழிக் கிளட்ச். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

காரைக்குடி, இன்னொருவர்:

இடையில் ஒன்று. வரைவில் பேட்டரிக்கு ‘மின்கலம்’ என்று போட்டிருக்கிறது. கலம் என்பது ஒன்று, 2.1 வோல்ட். ஆறு சேர்ந்த 12.6 வோல்ட் ‘மின்கல அடுக்கு’. 1953 முதல் மின்வேதியியல் ஆய்வகம் நடக்கும் ஊரிலிருந்து இந்தப் பிழை போகலாமா?

புதுவயல்:

பேரு எதுவானாலும் செல்ஃப் அடிக்கிறப்ப பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழ இறங்கக் கூடாது. அதை எழுதுங்க. பேட்டரி பிளஸ்ஸுக்கும் செல்ஃப் பெரிய போல்ட்டுக்கும் நடுவுல அடிக்கிறப்ப அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா கேபிளைப் பாக்கணும்னும் எழுதுங்க.

பல்லு விஷயத்துக்கு வர்றேன். நாலு சிலிண்டர் இன்ஜின் கம்ப்ரஷன்ல முட்டி நிக்கிறதால பெரும்பாலும் ரெண்டே இடத்துலதான் வந்து நிக்கும். ரிங் கியர்ல அந்த ரெண்டு இடத்துப் பல்லுதான் தேயும். அதனால ஒரு தடவை பிடிக்கும், ஒரு தடவை அரைக்கும். நியூட்ரல்ல போட்டு, சாவியை எடுத்துட்டு, கிராங்க் புல்லி போல்ட்டுல ஸ்பானர் வச்சு கால் சுத்து சுத்தி விட்டு மறுபடி அடிச்சுப் பாருங்க. பிடிச்சுதுன்னா கோளாறு ரிங் கியர்ல. செல்ஃப் போல்ட் லூஸா இருந்து ஆடினாலும் இதே கரகரதான், அதனால முதல்ல போல்ட்டை முடுக்குங்க.

சத்தமில்லாம ஓடினா செல்ஃபை இறக்கணும், பேட்டரி மைனஸைக் கழட்டிட்டு. பெஞ்சுல கரண்ட் கொடுத்தா பினியன் வெளிய குதிக்கணும். குதிக்கலைன்னா ஃபோர்க்கு. குதிச்சா, கரண்டை எடுத்துட்டுக் கையால பினியனைத் திருகணும்: ஒரு பக்கம் லேசா சுத்தணும், மறுபக்கம் இறுகணும். ரெண்டு பக்கமும் சுத்துனா கிளட்ச் போச்சு. பெண்டிக்ஸைப் பெட்ரோல்ல ஊறப்போட்டுக் கழுவுற பழக்கத்தை மட்டும் தயவுசெஞ்சு சொல்லிக் கொடுக்காதீங்க. உள்ள இருக்கிற கிரீஸ் கரைஞ்சு போயிரும், அடுத்த மாசமே வழுக்கும்.

காரைக்குடி, பயிற்றுநர்:

வியாழன் இரவு ஆகிவிட்டது. கோத்தலுக்கு ஆறு பேர், கவ்வலுக்கு இரண்டு, பூட்டுதலுக்கு ஒருவர். மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள் என்று கொள்கிறேன். அட்டையில் போவது இது:

தொடக்கி (செல்ஃப்) ஓடுகிறது, இன்ஜின் சுற்றவில்லை.
கரகர ஒலி: பல் கோக்கவில்லை. போல்ட்டை முடுக்கு, கிராங்கைக் கால் சுற்று திருப்பி மீண்டும் பார்.
ஒலி இல்லை: இறக்கிப் பெஞ்சில் பார். பினியன் முன்னேறாவிட்டால் கவை; முன்னேறினால் கிளட்ச் வழுக்கல்.
10 விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதே.

‘கோவாமை’யை விட்டுக் ‘கோக்கவில்லை’ என்று எழுதியிருக்கிறேன். கானாடுகாத்தானும் தேவகோட்டையும் பாதிப் பாதி விட்டுக்கொடுங்கள். ஃபோர்க்குக்கு ஐயாவின் ‘கவை’ நின்றுவிட்டது.

யாழ்ப்பாணம்:

நல்லது. அப்ப இன்ஜின் ஓடின பிறகும் பினியன் பல்லை விட்டு வெளியில வராட்டி அதுக்கு என்ன சொல்?

தேவகோட்டை, தமிழாசிரியர்:

அவிழாமை. முதல் மடலிலேயே சொன்னேன்.

புதுவயல்:

அதை நாங்க ‘ஒட்டிக்கிச்சு’ம்போம், ஐயா.