பேராசிரியர் சேரின் மாட்டுப்பட்டி: பார்த்தவர்கள் எழுதுங்கள்

முன்னாள் மாணவன், ஏறாவூர்

மட்டக்களப்பு வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் எங்களுக்குத் தோட்டக்கலை கற்பித்த பேராசிரியர், ஓய்வுபெற்றதும் பிள்ளைகளோடு வெளிநாடு போய்விடுவார் என்றே நினைத்திருந்தோம். அவரோ கரடியனாற்றுப் பக்கம் காணி திருத்திப் பட்டி வைத்துவிட்டார்.

பார்க்கப் போனபோது மாடுகளைக் காட்டவில்லை; நேரே புற்பாத்திக்குத்தான் அழைத்துப் போனார். சி.ஓ.3 என்ற தீவனப் புல். இரண்டு கணுவுள்ள தண்டைச் சாய்வாக ஊன்றி, பெருவிரலால் மண்ணை இறுக்கினார். செய்முறை வகுப்பில் ஒட்டுக்கட்டிக் காட்டிய அதே விரல்கள், அதே பொறுமை. “முதலில் புல்லை வளர்க்க வேண்டும், தம்பி. மாடு பிறகுதான்” என்றார். வேலி முழுவதும் கிளிசரிடியா மரம். அந்தத் தழையில் புரதம் நிறைய உண்டு. ஆனால் பச்சையாகப் போட்டால் அதன் மணத்துக்கு மாடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் வெட்டி வாடவிட்ட பிறகே போடுவார். இவ்வளவு படித்தவர் ஏன் மாட்டுக்குப் போனார் என்று கேட்பவர்கள் அந்தப் பாத்தியை ஒருமுறை பார்க்க வேண்டும்.

பட்டிக்காரர் மகள், சித்தாண்டி

அண்ணா சொல்வது உண்மை. பெரும்போகத்துக்கு வயல் விதைத்ததும் எங்கள் அப்பா மாடுகளை மயிலத்தமடு, மாதவணைப் பக்கம் சாய்த்துக்கொண்டு போவார். அறுவடை முடிந்த பிறகே திரும்புவார். அந்த மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டம்பரில் இங்கே போராட்டம் தொடங்கியபோது சேரும் வந்து பந்தலில் இருந்தார். மேடையில் பேசவில்லை. அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அங்கே எந்த மாதம் என்ன புல் முளைக்கும், எந்தக் குளத்தில் கடைசிவரை தண்ணீர் நிற்கும் என்று கேட்டுக் கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டார். எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பாவிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

பால் சேகரிப்பவர், செங்கலடி

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரத்துக் குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் அதிகமான மாடுகள் செத்தன. சேருடைய பட்டியிலும் கன்றுகள் போயின. நான் போனபோது நனைந்த கன்றொன்றைச் சாக்கால் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டிருந்தார், பேசவில்லை. அடுத்த கிழமையே வாடைக்காற்று வரும் பக்கம் வேம்பு வைக்கக் குழி வெட்டினார்.

புல்தண்டு கேட்டுப் போகிறவர்களுக்குக் காசு வாங்காமல் வெட்டித் தருகிறார். மழை தொடங்குமுன் போங்கள். சாக்கு கொண்டுபோக மறக்க வேண்டாம்.