அல்பேர்ட்டாவின் ஆறு செனட் கதிரைகள்: வாக்குப் போட்டு என்ன பயன்?

கல்கரிக்காற்று எழுதியது:

வணக்கம் உறவுகளே. 2021 ஒக்ரோபர் 18 நகரசபைத் தேர்தலோடு சேர்த்து கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் செனட்டுக்கும் (பாராளுமன்ற மேலவை) ஒரு வாக்குச்சீட்டுத் தந்தார்கள். பாம் டேவிட்சன், எரிக்கா பரூட்ஸ், மிகைலோ மார்ட்டினியூக் ஆகிய மூவரும் வென்றார்கள். 2024 ஓகஸ்ட் கடைசியில் காலியாகக் கிடந்த இரண்டு இடத்துக்கும் அப்போதைய பிரதமர் ட்ரூடோ தெரிவுசெய்தது கிறிஸ்டோபர் வெல்ஸையும் டரில் ஃப்ரிட்ஹாண்ட்லரையும். வென்ற மூவரில் ஒருவர்கூட இல்லை.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்:
அந்த வாக்குக்குச் சட்டத்தில் ஏதாவது பெறுமதி உண்டா? அடுத்த இடம் காலியானால் அதற்கு ஆள் எப்படித் தெரிவாகும்? செனட்டராக 4000 டொலர் காணி இருக்கவேண்டும் என்கிறார்களே, மோட்கேஜ் (வீட்டுக் கடன்) உள்ள கொண்டோ (அடுக்குமாடி வீடு) அந்தக் கணக்கில் வருமா? தலைநகர் ஒட்டாவாவுக்குக் குடிபோனால் பதவி போய்விடுமா?

---

பிரிவு24 எழுதியது:

முதல் கேள்விக்குப் பதில்: சட்டப்படி இல்லை. 1867 அரசியலமைப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு செனட்டரை நியமிக்கும் அதிகாரத்தை ஆளுநர் நாயகத்துக்குக் கொடுக்கிறது. மரபுப்படி அவர் பிரதமரின் ஆலோசனையில்தான் நடப்பார். மாகாணச் சட்டமன்றம் எந்தச் சட்டம் போட்டாலும் அது பிரதமரின் கையைக் கட்டாது. அல்பேர்ட்டாவின் தேர்தல் சட்டத்தால் முடிவது ஒன்றே: "எங்கள் மக்கள் இவர்களை விரும்புகிறார்கள்" என்று ஒரு பட்டியலை ஒட்டாவாவுக்கு அனுப்புவது.

ஆனாலும் அந்தப் பட்டியல் எப்போதும் குப்பைக்குப் போகவில்லை. 1989, 1998, 2004, 2012, 2021 என்று ஐந்து முறை தேர்தல் வைத்து, அதிலிருந்து ஐந்து பேர் உள்ளே போயிருக்கிறார்கள். முதலாமவர் ஸ்ரான் வோட்டர்ஸ், 1990இல். அப்போது அரசியலமைப்பைத் திருத்தும் மீச் லேக் உடன்படிக்கைக்கு மாகாண முதல்வர்களின் ஆதரவு பிரதமர் மல்ரோனிக்குத் தேவைப்பட்டது, அதனால் இறங்கி வந்தார். மற்ற நால்வரையும் (பேர்ட் பிரவுன், பெற்றி உங்கர், டக் பிளாக், ஸ்கொட் டானஸ்) 2007க்கும் 2013க்கும் இடையில் பிரதமர் ஹார்ப்பர் நியமித்தார். தேர்ந்தெடுத்த செனட் என்பது அவர் கட்சியின் கொள்கை. கிரெட்சியன், மார்ட்டின், ட்ரூடோ காலங்களில் ஒருவர்கூட இல்லை. வென்ற வாக்கு எத்தனை என்று பார்ப்பதைவிட, பிரதமர் நாற்காலியில் யார் இருக்கிறார் என்று பார்த்தால் விடை தெரியும்.

இதையே கூட்டாட்சிச் சட்டமாக்க ஹார்ப்பர் முயன்றார். 2014 ஏப்ரல் 25 உச்ச நீதிமன்றம் மறித்தது: ஆலோசனைத் தேர்தல் என்று பெயர் வைத்தாலும் அது செனட்டின் அடிப்படைக் கட்டமைப்பையே மாற்றுகிறது, ஆகவே குறைந்தது ஏழு மாகாணங்கள், அவற்றில் நாட்டின் பாதிச் சனத்தொகை, என்ற திருத்த விதிப்படிதான் செய்யலாம் என்றது.

ட்ரூடோ வந்தபின் 2016இல் சுயாதீன ஆலோசனைச் சபை ஒன்று அமைந்தது. நிரந்தரமாக மூன்று கூட்டாட்சி உறுப்பினர்கள், காலியிடம் உள்ள மாகாணத்திலிருந்து இருவர். பொதுமக்கள் தாங்களே விண்ணப்பிக்கலாம். ஒரு இடத்துக்கு ஐந்து பெயர் பிரதமரிடம் போகும். அதுவும் அவரைக் கட்டுப்படுத்தாது. அந்த முறையின் கீழ், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய இரண்டு ஆண்டும் அந்த மாகாணத்தில் நிரந்தர வதிவிடம் இருந்ததற்குப் பத்திரங்கள் காட்டவேண்டும். பலர் இடறுவது இங்கேதான். படிப்பு, வேலை காரணமாகத் தற்காலிகமாக வெளியே இருந்திருந்தால் விதிவிலக்குக் கேட்கலாம். முன்பு கட்சி அரசியல் செய்தது தடை இல்லை, ஆனால் மறைக்கக்கூடாது. இந்தச் சபைக்கு அரசியலமைப்பில் இடமில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். எந்தப் பிரதமரும் இதை ஓரம் கட்டலாம்.

எப்போது காலியாகும் என்பது மட்டும் சுலபம். 75ஆவது பிறந்தநாளோடு பதவி முடியும். ஆனால் எத்தனை நாளுக்குள் நிரப்பவேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. 2015 முடிவில் 22 கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன.

---

காணிக்கந்தோர் எழுதியது:

காணி விடயத்துக்கு வருகிறேன். அதே 1867 சட்டத்தின் 23ஆம் பிரிவு கேட்பவை: 30 வயது, குடியுரிமை, நியமிக்கப்படும் மாகாணத்தில் வதிவிடம், அதே மாகாணத்தில் 4000 டொலர் பெறுமதியான முழு உரிமைக் காணி, அதைவிடக் கடன் போக மொத்தச் சொத்து 4000 டொலர்.

கொண்டோ வரும். அல்பேர்ட்டாவில் கொண்டோவுக்குத் தனி ரைட்டில் (உரிமைப் பத்திரம்) உங்கள் பெயரில் பதிவாகும். ஆனால் மோட்கேஜைக் கழித்த பிறகுதான் 4000 பார்க்கவேண்டும். 3 இலட்சம் டொலர் கொண்டோவில் 2,98,000 கடன் என்றால் தேறாது. மனைவியோடு கூட்டாக வாங்கியிருந்தால் உங்கள் பங்கு மட்டுமே கணக்கு.

ஆட்கள் கவனிக்காத ஒன்று: பான்ஃப், ஜாஸ்பர் நகரங்கள் தேசியப் பூங்காவுக்குள் இருப்பவை. அங்கே வீடு உங்களுடையதாக இருக்கலாம், நிலம் அரசின் குத்தகை. மில்லியன் டொலர் வீடானாலும் 23ஆம் பிரிவு சொல்லும் முழு உரிமைக் காணி ஆகாது. கல்கரியிலோ லெத்பிரிட்ஜிலோ சின்னத்துண்டு ஒன்று வாங்கினால் சரி. 1997இல் நோவா ஸ்கோஷியாவுக்கு நியமிக்கப்பட்ட பெகி பட்ஸ் கன்னியாஸ்திரி. ஏழ்மை விரதம் எடுத்தவர், சொத்தே இல்லை. அவருடைய சபை ஒரு சிறு காணித்துண்டை அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்துத்தான் சட்டம் நிறைவேறியது.

கியூபெக்கில் இன்னும் சிக்கல். அங்கே 24 செனட்டருக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு. காணியோ வதிவிடமோ அந்தப் பிரிவுக்குள் இருக்கவேண்டும். 19ஆம் நூற்றாண்டு வரைபடம், வடகியூபெக் எந்தப் பிரிவிலும் இல்லை! அல்பேர்ட்டாவில் அந்தத் தொல்லை கிடையாது, ஆறு பேரும் முழு மாகாணத்துக்கே.

தகுதி இருக்கிறதென்று பதவியேற்கும்போது எழுதிக் கொடுக்கவேண்டும், புதிய பாராளுமன்றம் தொடங்கும்போது புதுப்பிக்கவேண்டும். காணியை விற்றுவிட்டு மறந்துபோனால் 31ஆம் பிரிவின்படி கதிரை காலி.

ஒட்டாவாவில் தங்குவது பற்றிய உங்கள் பயம் தேவையில்லை, ஆனால் பாதியளவுதான் தேவையில்லை. அரச பதவியின் கடமைக்காகத் தலைநகரில் இருப்பதால் மட்டும் வதிவிடம் போகாது என்று 31இல் ஒரு வரி இருக்கிறது. செலவுக் கணக்கு வேறு. முதன்மை வீடு பாராளுமன்றக் குன்றிலிருந்து 100 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தால்தான் ஒட்டாவா தங்குமிடப் படி கேட்கலாம். 2008இல் பிரின்ஸ் எட்வேர்ட் தீவுக்கு நியமிக்கப்பட்ட மைக் டஃபியின் விவகாரம் இதில்தான் வெடித்தது. பல வருடமாக ஒட்டாவாப் பக்கம் வாழ்ந்தவர், தீவில் இருந்த வீட்டை முதன்மை வீடு என்று காட்டியிருந்தார். 2013இல் செனட் இடைநிறுத்தியது, 2016 ஏப்ரலில் நீதிமன்றம் 31 குற்றச்சாட்டிலிருந்தும் விடுவித்தது. விதி அவ்வளவு தெளிவில்லாமல் இருந்தது. இப்போது சாரதி அனுமதிப்பத்திரம், சுகாதார அட்டை, வருமானவரிப் படிவத்தின் உரிய பக்கம் எல்லாம் ஒரே மாகாணத்தைக் காட்டவேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் கேள்வி வரும்.

---

கல்கரிக்காற்று எழுதியது:

நன்றி இருவருக்கும். பான்ஃப் கதை புதிது. அப்படியென்றால் தேர்ந்தெடுத்தவரோ நியமித்தவரோ, ஆறு பேரால் மாகாணத்துக்கு நடைமுறையில் என்ன செய்யமுடியும்? 105 பேரில் ஆறு என்பது கண்ணுக்கே தெரியாதே.

---

குழுவறை எழுதியது:

சபையில் எண்ணாதீர்கள், குழுவில் எண்ணுங்கள். ஒரு டசின் பேர் இருக்கும் குழுவில் ஒருவரின் வாக்கு எடை வேறு.

2019 மே மாதம் சி-48 சட்டமூலம் செனட்டின் போக்குவரத்துக் குழுவில் இருந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடகரையில் 12,500 தொன்னுக்கு மேல் மசகு எண்ணெய் ஏற்றிய கப்பல் தரிக்கக்கூடாது என்ற சட்டம், அல்பேர்ட்டா கொதித்துக்கொண்டிருந்தது. வாக்கெடுப்பு 6க்கு 6. செனட்டில் சமநிலை என்றால் பிரேரணை தோற்றதாகக் கொள்ளப்படும், தலைவருக்குத் தனித் தீர்மான வாக்கு இல்லை. எதிர்த்து விழுந்த அந்த ஆறில் ஒன்று எட்மன்டனைச் சேர்ந்த போலா சைமன்ஸ் போட்டது. அவரை 2018இல் நியமித்தவர் சட்டமூலத்தைக் கொண்டுவந்த அதே ட்ரூடோ. எந்தத் தேர்தலிலும் நிற்காதவர், மாகாணத்தின் பக்கம் நின்றார். பிறகு முழுச் சபை, சட்டமூலம் வேண்டாம் என்ற குழு அறிக்கையைத் தள்ளிவிட்டு, ஜூனில் மிகச்சிறிய வித்தியாசத்தில் சட்டத்தை நிறைவேற்றியது என்பதும் உண்மை.

இன்னொரு பக்கம் ஸ்கொட் டானஸ். வாக்கால் வந்தவர், கொன்சர்வேற்றிவ் அணியில் இருந்தார். 2019 நவம்பரில் வெளியேறி, மாகாண நலனை முன்வைக்கும் கனேடிய செனட்டர்கள் குழுவுக்குத் தலைவரானார். 25 பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்பது அவர்கள் விதி. கட்சிப் பெயரோடு வென்றுவரும் செனட்டரைக் கட்சிக் கொறடாதான் முதலில் பிடிப்பார். வாக்குப் போட்டால் மாகாணக் குரல் தானாக வலுக்கும் என்று நம்புகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

---

பிரிவு24 எழுதியது:

குழுவறை சொல்வதில் முக்கால்வாசி ஏற்கிறேன். ஆனால் எண்ணிக்கையை அவ்வளவு லேசாக விடமுடியாது. மேற்கின் நான்கு மாகாணத்துக்கும் தலா ஆறு என்று 1915இல் பூட்டியது இன்றும் பூட்டியபடி. 2021 கணக்கெடுப்பில் அல்பேர்ட்டா ஏறக்குறைய 42.6 இலட்சம் பேருக்கு ஆறு. நியூ பிரன்ஸ்விக் 7.8 இலட்சம் பேருக்குப் பத்து. இதை மாற்றவும் ஏழு மாகாண விதிதான். கிழக்கிலுள்ளவர்கள் ஏன் கையெழுத்துப் போடப்போகிறார்கள்? அவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு மாகாணத்தின் எம்.பி. தொகை அதன் செனட்டர் தொகைக்குக் கீழே போகக்கூடாது. பிரின்ஸ் எட்வேர்ட் தீவு நான்கு எம்.பி.யோடு நிற்பது இந்தக் காவலால்தான்.

மேலவையையே ஒழிக்கலாமே என்று அடுத்து யாராவது கேட்பார்கள். இலங்கை 1971இல் தன் செனட் சபையை ஒழித்தது. இங்கே அதற்குப் பத்து மாகாணமும் சம்மதிக்கவேண்டும், 2014 தீர்ப்பு அதையும் சொல்லிவிட்டது.