ஃபேடும் டேப்பரும்: திங்கட்கிழமைக்குள் தமிழ்ச்சொல் தேவை

மூழ்கியவள் எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

முடிதிருத்தும் தொழிலுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கள் காலை கொடுத்தாக வேண்டும். தோல் நோய்கள், கத்தியைத் தொற்றுநீக்குவது எல்லாம் சிக்கலில்லாமல் போய்விட்டன. ஆண்களின் பழைய பாணி வெட்டுகளைப் பற்றிய அத்தியாயம்தான் நகர மறுக்கிறது. 1920களிலிருந்து 1950கள்வரை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வழங்கியவை இவை. ஒரு பக்கம் வகிடெடுத்துப் படிய வாரியது, வகிடே இல்லாமல் பின்னோக்கி வாரியது, முன்முடியைத் தூக்கி நிறுத்திய பாம்படோர்.

டேப்பர் என்றால் காதைச் சுற்றியும் பிடரியிலும் முடி கீழே வர வரக் குட்டையாகும், ஆனால் விளிம்பில் கொஞ்சம் மிஞ்சும். ஃபேடு என்றால் தோல் தெரியும்வரை குறைந்து மறைந்தே போகும். பழைய பாணிக்குப் பெரும்பாலும் டேப்பர்தான் பொருந்தும், ஃபேடு போட்டால் இந்தக் காலத்துத் தலையாகிவிடும் என்று கையேடே எச்சரிக்கிறது. அதனால் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட முடியாது. எனக்கு முன் இதைத் தொட்டவர் இரண்டையும் "மங்கலான வெட்டு" என்று எழுதியிருக்கிறார். முடியைப் படியவைக்கப் பூசும் பொமேடுக்குத் "தைலம்". படித்ததும் தலை வலித்தது, தைலம் தேவைப்பட்டது.

மாணவர்கள் பத்தாம் வகுப்புவரை படித்தவர்கள். மனத்தில் வைத்துக்கொண்டு உதவுங்கள்.

எழுவாய் எழுதியது:

தேய்வெட்டு. தேய்பிறை போல வினைத்தொகை. தேய்ந்த வெட்டு, தேய்கிற வெட்டு, தேயும் வெட்டு என்று மூன்று காலமும் உள்ளே அடங்கும். நிலா நாளுக்கு நாள் குறைந்து அமாவாசையில் இல்லாமல் போவதைப் போலத்தானே ஃபேடும்? சொல்லவும் எளிது. டேப்பருக்கு வேறு யோசிக்க வேண்டும்.

தனித்தமிழ்வேள் எழுதியது:

அம்மையாரின் இலக்கணம் இடிக்கிறது. தேய்பிறையில் பிறை தேய்கிறது. ஊறுகாயில் காய் ஊறுகிறது. தேய்வெட்டில் எது தேய்கிறது? வெட்டா, கத்தரியா? முடியல்லவா தேய்கிறது! மேலும் தேய்த்தல் என்றால் இன்றைய வழக்கில் எண்ணெய் தேய்ப்பது, துணி தேய்ப்பது. மாணவன் இஸ்திரிப் பெட்டியைத் தேடுவான்.

என் பரிந்துரை குறுகுவெட்டு. குறு என்னும் வேரின் வளத்தைப் பாருங்கள். குறள், குறை, குறுணை, குறடு, குறும்பு, குறளி. இன்னும் சொல்லப்போனால், நாம் கிராப் என்று பிறமொழிக்குத் தாரை வார்த்துவிட்ட சொல்லே குறுப்பு என்னும் நம் சொல்லின் திரிபாக இருக்கலாம் என்பது என் நெடுநாள் கருத்து. குறுப்பு, குருப்பு, கிருப்பு, கிராப்பு. விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

எழுவாய் எழுதியது:

ஐயா, பிறகும் எழுத வேண்டாம். அந்த ஆங்கிலச் சொல் பழைய ஆங்கிலத்தில் பறவையின் தொண்டைப்பைக்கும் பயிரின் தலைப்பகுதிக்கும் வழங்கியது. பயிரின் தலையைக் கொய்வது, பிறகு மனிதத் தலையைக் கொய்வது என்று பொருள் நகர்ந்திருக்கிறது. அதில் குறளிக்கு வேலையில்லை.

வினைத்தொகைக்கு வருவோம். ஆடுகளத்தில் களமா ஆடுகிறது? சுடுகாட்டில் காடா சுடுகிறது? குடிநீரில் நீரா குடிக்கிறது? நிலைமொழி வினைக்கு வருமொழிதான் எழுவாயாக இருக்க வேண்டும் என்று எந்த நூற்பாவும் கட்டளையிடவில்லை. என் புனைபெயரை வைத்துக்கொண்டு இதைக்கூடச் சொல்லாவிட்டால் எப்படி?

அப்புறம், குறுகுவெட்டு என்று எழுதிப் பாருங்கள். அச்சுக் கோப்பவரோ மாணவரோ கட்டாயம் குறுக்குவெட்டு என்றுதான் படிப்பார். அது பள்ளி அறிவியல் பாடத்தில் தண்டையும் வேரையும் அறுத்துக் காட்டுவது. தலையில் வேண்டாம்.

கடைசல் எழுதியது:

நான் லேத் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். டேப்பர் என்பது எங்கள் பட்டறையில் அன்றாடச் சொல். டேப்பர் பின், மோர்ஸ் டேப்பர் என்று எட்டாவது படித்த பையனும் சொல்வான். கணக்குப்படி பார்த்தால் பூச்சியம்வரை குறைவது கூம்பு. பாதியில் நின்றுவிடுவது கூம்பின் இடைக்கண்டம் என்று பத்தாம் வகுப்புப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆகவே ஃபேடு கூம்புவெட்டு, டேப்பர் இடைக்கண்டவெட்டு.

வேடிக்கைக்குச் சொன்னேன். வேடிக்கையில்லாமல் சொல்வதென்றால் டேப்பரை டேப்பர் என்றே விடுங்கள். செய்முறைத் தேர்வில் தேர்வாளர் வாயிலிருந்து வரப்போவது அந்தச் சொல்தான். கிராப்பை நூறாண்டாகச் செரித்தவர்களுக்கு இது பெரிய உருண்டையா? எம்.கே. தியாகராஜ பாகவதரின் தோள்வரை தொங்கிய முடிக்கே "பாகவதர் கிராப்" என்று பெயர் வைத்தவர்கள் நாம். குட்டையாக வெட்டுவது என்று பொருள்படும் சொல்லை நீளமுடிக்கு வைத்தோம், யாருக்கும் குழப்பம் வரவில்லை.

மூன்றாம் நாற்காலி எழுதியது:

வணக்கம். அப்பா கடையில் மூன்றாவது நாற்காலி என்னுடையது, அதனால் இந்தப் பெயர். குழுவில் படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இப்போது எழுதாவிட்டால் தப்பாகிவிடும்.

கடைக்கு வருகிறவர்கள் ஃபேடு என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் நூற்றில் பாதிப் பேர் அதைச் சொல்லிவிட்டுப் போனில் காட்டுகிற படம் டேப்பர். "சைடு ஒன்னு வைங்க, மேல அப்படியே விடுங்க" என்று சொன்னால் பழைய பாணி கிடைக்கவே கிடைக்காது. மெஷின் சீப்பில் ஒன்று என்றால் 3 மில்லிமீட்டர், இரண்டு 6, மூன்று 10, நான்கு 13. ஒரே எண்ணைப் பக்கம் முழுக்க ஓட்டினால் மேலே வளர்ந்த முடிக்கும் கீழே ஒட்டிய முடிக்கும் நடுவே படிக்கட்டு விழும். பழைய வெட்டில் அந்தப் படி தெரியவே கூடாது. விளிம்பில் மட்டும் மெஷின், மேலே சீப்பைப் படுக்கவைத்து அதன்மேல் கத்தரி. சீப்பு மேலே ஏற ஏறத் தலையைவிட்டு விலகி வர வேண்டும். கைவேலை முழுக்க அங்கேதான். உச்சியில் மூன்று நான்கு அங்குலமாவது விட வேண்டும், முடியை மெலிசாக்கும் பல்கத்தரியை முன்பக்கம் போடவே கூடாது. பிடரியில் கோடு கிழித்தாற்போல் சதுரமாகவா, வட்டமாகவா என்று கேட்போம். இந்த வெட்டுக்கு இரண்டும் வேண்டாம், இயல்பாகக் கரையவிடணும்.

வகிடு எங்கே என்பதை நாங்கள் முடிவு செய்வதில்லை. தலையை நனைத்து எல்லாவற்றையும் பின்னால் வாரி, உச்சியில் உள்ளங்கையை வைத்து முன்னால் மெல்லத் தள்ளினால் முடி தானே ஓரிடத்தில் பிளக்கும். அதுதான் வகிடு. சுழி வலமாகச் சுற்றினால் பெரும்பாலும் இடப்பக்கம் விழும். இரட்டைச் சுழிக்காரர்களுக்குத்தான் பாடு. பக்க வகிடு எடுத்தால் பின்னால் கொத்தாக எழுந்து நிற்கும், அங்கே முடியைக் கொஞ்சம் நீளமாக விட்டுப் பாரத்தால் அமுக்கணும்.

சொல்லைப் பற்றி: எதற்கு இரண்டு பெயர்ச்சொல்? தேய்வெட்டு எனக்குப் பிடித்திருக்கிறது. தோல்வரைத் தேய்வெட்டு, விளிம்பு விட்ட தேய்வெட்டு என்று அடைமொழி போட்டால் வேலையே அதில் வந்துவிடுகிறதே.

இன்னொன்று. மூழ்கியவள் அக்கா, அத்தியாயத்தில் "நாவிதர்" என்று எங்காவது எழுதியிருந்தால் மாற்றிவிடுங்கள். சொல் பழையதுதான், ஆனால் எங்களைக் கூப்பிட்ட தொனியும் அதில் ஒட்டியிருக்கிறது. அரசாங்கத்தின் நல வாரியத்திலேயே முடிதிருத்துவோர் என்றுதான் இருக்கிறது.

மூழ்கியவள் எழுதியது:

தம்பி, இது போதும். ஓரிடத்தில் இருந்தது, மாற்றிவிட்டேன். அடைமொழி யோசனை அழகு. இனி பொமேடு.

யாழ்பாடி எழுதியது:

முடி முடி என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். எங்கட பக்கம் "தலைமயிர் வெட்டப் போறன்" எண்டு அம்மாவிடமே சொல்லுவம். தமிழ்நாட்டில்தான் அந்தச் சொல்லை ஏசுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, முடிசூட்டுகிற முடியைத் தலையில் வளர்க்கிறீர்கள். வள்ளுவர் "தலையின் இழிந்த மயிரனையர்" என்று எழுதக் கூசவில்லை. பழைய அகராதிகளில் மயிர்ச்சாந்து என்று ஒரு சொல் உண்டு, கூந்தலுக்குப் பூசும் நறுமணச் சாந்து. பொமேடுக்கு இதைவிட என்ன வேண்டும்?

எழுவாய் எழுதியது:

ஆகா! மயிர்ச்சாந்துக்கு இன்னொரு பெயர் தகரம். நறுமணமுள்ள தகர மரத்திலிருந்து வந்த பெயர். பொமேடு விற்பது தகர டப்பாவில். தகரத்தில் தகரம்! அதோடு ஆண்களின் தலைமுடிக்கென்றே குஞ்சி, பித்தை என்று இலக்கியத்தில் தனிச்சொற்கள் உண்டு. நாலடியாரில் "குஞ்சி யழகும்" என்று தொடங்கும் பாட்டு நினைவிருக்கும். ஆண்கள் வெட்டு என்பதைவிடக் குஞ்சிவெட்டு...

கடைசல் எழுதியது:

அம்மா, அந்தச் சொல்லை வகுப்பில் சொல்லிவிட்டு நாற்பது பையன்களை அடக்குவது யார்? நீங்கள் வருகிறீர்களா?

எழுவாய் எழுதியது:

திரும்பப் பெறுகிறேன். தகரத்தை விடமாட்டேன்.

தனித்தமிழ்வேள் எழுதியது:

முடிக்களிம்பு என்பதே போதும். எல்லாருக்கும் விளங்கும்.

எழுவாய் எழுதியது:

சைவ சித்தாந்தம் அறிந்தவரா இதைச் சொல்வது! செம்பில் களிம்பு என்பது ஆணவ மலத்துக்கு உவமை. வாடிக்கையாளர் தலையில் ஆணவத்தைப் பூசச் சொல்கிறீர்கள். மற்றவர்களுக்கோ களிம்பு என்றால் சொறிக்குப் போடுவது.

மூன்றாம் நாற்காலி எழுதியது:

பொருளைப் பார்த்துப் பெயர் வைக்கலாமா? பழைய வகைப் பொமேடு வாசலினும் தேன்மெழுகும் கலந்தது. உள்ளங்கையில் நன்றாகத் தேய்த்து இளக்கி, ஈரம் போகத் துவட்டிய தலையில் பின்னாலிருந்து முன்னால் பூசி, நெருங்கிய பல் சீப்பால் வாரணும். காயாது, அதனால் சாயங்காலமும் சீப்பை எடுத்து மறுபடி வாரிக்கொள்ளலாம். ஆனால் வெறும் ஷாம்புவுக்குப் போகாது, முதலில் எண்ணெய் தடவி இளக்கி அப்புறம்தான் கழுவணும். நீரில் கரைகிற புதுவகை சுலபமாகப் போய்விடும், ஆனால் காய்ந்து விறைத்தபின் வாரினால் கலையும். நம் வெயிலில் மெழுகு குறைந்தது எதுவும் பத்து மணிக்கே நெற்றியில் வழியும். தேங்காயெண்ணெய் 24 பாகையிலேயே உருகிவிடும், படியவைக்குமே தவிர நிறுத்திப் பிடிக்காது. தேன்மெழுகு உருக 60 பாகைக்கு மேல் வேண்டும். பிடி மெழுகில்தான் இருக்கிறது. அதனால் முடிமெழுகு என்று சொல்லலாம்.

தாத்தா காலத்தில் பிரில்க்ரீம்தான். அது மெழுகு சேர்த்து நீரையும் எண்ணெயையும் கலந்த பால்மம், பொமேடு இல்லை. 1928இல் பர்மிங்காமில் வந்தது. பிரிட்டிஷ் விமானப்படைக்காரர்களுக்கே அதை வைத்துப் பட்டப்பெயர் இருந்ததாம்.

யாழ்பாடி எழுதியது:

முடிமெழுகு என்றால் கால்முடியைப் பிடுங்குவதற்குப் பெண்கள் போடுவதென்று நினைப்பினம். தம்பி, உங்கட கடையில் அந்தக் குழப்பம் வந்தால் வாடிக்கையாளர் ஓடிவிடுவார்.

கடைசல் எழுதியது:

இத்தாலியில் ஆப்பிள் பழம் போட்டுச் செய்த பூச்சுக்கு வந்த பெயர்தான் பொமேடு என்கிறார்கள். ஆப்பிள் போய்ப் பெயர் நின்றுவிட்டது. அவர்களே மாற்றாததை நாம் ஏன் மாற்ற வேண்டும்? பாம்படோரும் அப்படியே, பதினைந்தாம் லூயியின் காதலி பெயர். அந்த அம்மாள் 1764இல் போய்விட்டார், பெயர் எல்விஸ் தலையில் ஏறிவிட்டது. ஆள்பெயரை மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் வரமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

தனித்தமிழ்வேள் எழுதியது:

சேவற்கொண்டை வெட்டு.

மூழ்கியவள் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மணி இரவு பதினொன்று. இப்படி அனுப்புகிறேன்: தலைப்புகளில் டேப்பர், ஃபேடு. விளக்கத்தில் விளிம்பு விட்ட தேய்வெட்டு, தோல்வரைத் தேய்வெட்டு. பொமேடு பொமேடாகவே இருக்கும், முதல்முறை வரும் இடத்தில் "மெழுகு கலந்த முடிப்பூச்சு" என்று ஒரு வரி. பாம்படோர் அப்படியே. தகரத்தைச் சேர்க்க முடியவில்லை, எழுவாய் அம்மா மன்னிக்கவும். மெஷின் அளவுகளைத் தம்பி சொன்னதோடு ஒப்பிட்டதில் மூலத்தில் ஓர் எண் பிழையாக இருந்தது, அதையும் திருத்தியாயிற்று.

தனித்தமிழ்வேள் எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. தலைப்பில் பிறமொழியும் விளக்கத்தில் தமிழும் என்றால் மாணவன் தலைப்பைத்தான் மனப்பாடம் செய்வான். தேய்வெட்டு அந்தப் பக்கத்தோடு நின்றுவிடும். குறுகுவெட்டுக்குச் சொன்ன தடை எழுத்துப்பிழைக்கான தடை, சொல்லுக்கானது அல்ல. குறுப்பு பற்றிய கட்டுரையைத் தனி இழையில் இடுகிறேன்.